நகையின் நிலைக்களம்
(நகைச்சுவைத் திரைப்படங்களிலும் தொலைக்காட்சியிலும் குணச்சித்திர நடிப்பு: பத்தாம் ஆண்டு விழாக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இயல், இசை, நாடகம் என்று முத்தமிழை வரிசைப்படுத்துவது மரபு. இலக்கிய மேடைகளில் முதலாவதைப் பற்றி விரிவாகப் பேசுவோர், மூன்றாவதற்கு வந்ததும் பெயரளவில் குறிப்பிட்டுவிட்டு நகர்வதும் மரபாகிவிட்டது. அதிலும் நகைச்சுவை நடிப்பு என்றால் அது பொழுதுபோக்கின் பாற்பட்டது, ஆய்வுக்கு உரியதன்று என்ற எண்ணம் பலரிடம் உண்டு. தொல்காப்பியர் அவ்வாறு எண்ணவில்லை. மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளை நிரல்படச் சொல்லும்போது அவர் நகையையே முதலில் வைக்கிறார். அழுகையும் பெருமிதமும் அதன் பின்னரே வருகின்றன.

அந்த நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்பதும் அவர் வகுத்ததே. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. இந்நான்கனுள் சொல் விளையாட்டு இல்லை; கோமாளி உடை இல்லை; உடற்குறையும் இல்லை. பிறரை இகழ்தல், பிள்ளைத்தன்மை, அறியாமை, ஒன்றைப் பற்றிக்கொண்டு விடாதிருத்தல் ஆகிய நான்கும் மனிதனின் இயல்பைச் சார்ந்தவை. மனிதனின் குணத்திலிருந்தே நகை பிறக்கிறது என்பது இதனால் பெறப்படும். 1926ஆம் ஆண்டில் வெளிவந்த 'மதங்க சூளாமணி'யில் சுவாமி விபுலாநந்தர் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தின் துணைகொண்டு ஆராய்ந்து காட்டினார். பழைய இலக்கணம் புதிய கலைக்கும் அளவுகோலாகக்கூடும் என்பதற்கு அது முன்னோடிச் சான்று. அந்த அளவுகோலைத் திரைக்கும் சின்னத்திரைக்கும் பொருத்திப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

நகைச்சுவை நடிகர், குணச்சித்திர நடிகர் என்று இரு பிரிவுகளைத் திரையுலகம் வழங்கி வருகிறது. சிரிக்க வைப்பவர் முன்னவர். தந்தையாக, மாமனாராக, முதலாளியாக, எழுத்தராக வந்து கதையைத் தாங்குபவர் பின்னவர். நல்ல நகைச்சுவைப் படங்களைக் கூர்ந்து நோக்கினால் இந்தப் பிரிவினை நிலைப்பதில்லை. சிரிப்பை எழுப்புபவர் ஒருவர் என்றால், அந்தச் சிரிப்பு நிற்பதற்கு இடம் கொடுப்பவர் இன்னொருவர். இடம் கொடுப்பவரின் கலை கண்ணுக்குப் புலப்படாதது. அதனாலேயே அது குறைவாக மதிக்கப்பட்டிருக்கிறது.

பயிற்சிக் களங்கள்

இக்கலைக்குத் தமிழ்நாட்டில் நீண்ட பயிற்சிக் களம் இருந்தது. பாய்ஸ் கம்பெனிகள் எனப்பட்ட சிறுவர் நாடகக் குழுக்களில் பத்து வயதுப் பையன் ஒரு நாள் பெண் வேடமும், மறுநாள் கிழவன் வேடமும் தரிப்பான். தன் வயதும் தோற்றமும் தனக்கு உதவாத நிலையில் நடை, குரல், பார்வை ஆகியவற்றைக் கொண்டே ஒரு மனிதரை உருவாக்க வேண்டிய கட்டாயம் அங்கே இருந்தது. வி. கே. ராமசாமி 'நாம் இருவர்' (1947) படத்தில் முதியவராகத் தோன்றியபோது அவருக்கு வயது ஏறத்தாழ இருபதுதான். அவர் முதுமையை எய்துவதற்கு முன் எத்தனையோ ஆண்டுகள் திரையில் முதியவராகவே வாழ்ந்துவிட்டார். பேச்சை இழுத்து, முணுமுணுத்து, சலித்துக்கொள்ளும் அந்தப் பாணி நாடக மேடை அவருக்குத் தந்த சொத்து.

பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி' 1941இல் திரைப்படமானபோது தமிழ்ப்பட நகைச்சுவைக்கு ஓர் அடிப்படை அமைப்புக் கிடைத்தது. எசமானன் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. டி. ஆர். ராமச்சந்திரன் எசமானனாகவும், காளி என். ரத்தினம் வேலைக்காரனாகவும் நடித்தனர். சொன்ன சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டு செயலாற்றும் வேலைக்காரனிடம் இருப்பது பேதைமை. படிப்பு ஏறாத செல்வர் வீட்டுப் பிள்ளையிடம் இருப்பது இளமை. காளி என். ரத்தினம் தாம் குறும்பு செய்வதாக ஓரிடத்திலும் காட்டிக்கொள்வதில்லை. கட்டளையை நிறைவேற்றிவிட்ட மனநிறைவோடு நிற்கிறார். அந்த மனநிறைவுதான் அரங்கைச் சிரிக்க வைத்தது.

நகைச்சுவைக் குணச்சித்திரத்தின் முதல் விதி இதிலிருந்து கிடைக்கிறது. தாம் சிரிப்புக்கு இடமானவர் என்பதைப் பாத்திரம் அறியக்கூடாது. நடிகர் அறிந்திருக்கலாம், அறிந்திருக்கவும் வேண்டும். ஆனால் அந்த அறிவு முகத்தில் ஒரு கணம் தெரிந்துவிட்டாலும் பாத்திரம் மறைந்து நடிகர் மட்டும் மிஞ்சுவார்.

'கல்யாணப் பரிசு' (1959) படத்தில் கே. ஏ. தங்கவேலு அந்த விதியை வேறொரு கோணத்தில் கையாண்டார். வேலை எதுவும் இல்லாமலே 'மன்னார் அண்டு கம்பெனி'யில் மேலாளர் என்று மனைவியிடம் சொல்லித் திரியும் பாத்திரம் அது. எழுத்தாளர் பைரவன் தாமே என்றும் அளந்துவிடுகிறார். பொய் சொல்பவர் பதறினால் எளிதில் சிரிப்பு வரும். தங்கவேலு பதறுவதில்லை. ஒவ்வொரு பொய்க்கும் நிதானமாக ஒரு புதிய மாடி கட்டுகிறார். எதிரே நிற்கும் எம். சரோஜா அந்தப் பெருமையை முழுமையாக நம்புகிறார். மனைவியின் நம்பிக்கை உண்மையாக இருப்பதனால்தான் கணவனின் பொய் சுவைக்கிறது. இன்றும் போலி நிறுவனம் ஒன்றைக் குறிக்க 'மன்னார் அண்டு கம்பெனி' என்ற தொடர் பேச்சு வழக்கில் நிற்பது அந்த நடிப்பின் ஆயுளுக்குச் சான்று.

கேட்பவரின் கலை

இத்துறையில் தனித்து ஆராயத்தக்கவர் டி. எஸ். பாலையா (1914–1972). எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி' (1936) வழியாகத் திரைக்கு வந்தவர். 'மதுரை வீரன்' (1956) முதலிய படங்களில் எதிர்நிலைப் பாத்திரங்களை ஏற்றவர். நகைச்சுவை நடிகர் என்ற முத்திரை அவர்மேல் குத்தப்பட்டதில்லை. எனினும் தமிழின் நகைச்சுவைப் படங்களுள் தலைசிறந்ததாகப் பலரும் கொள்ளும் 'காதலிக்க நேரமில்லை' (1964) அவரை அச்சாணியாகக் கொண்டே சுழல்கிறது.

ஸ்ரீதர் இயக்கி, சித்ராலயா கோபுவின் பங்களிப்போடு உருவான அப்படத்தில் பாலையா ஏற்றது தோட்ட முதலாளி விசுவநாதன் என்னும் பாத்திரம். இரண்டு பெண்கள், படம் எடுப்பேன் என்று 'ஓஹோ புரொடக்சன்ஸ்' பெயரில் திரியும் மகன் செல்லப்பா. அந்த மகனாக நாகேஷ். தந்தைக்குத் திகில் கதை ஒன்றை மகன் விவரிக்கும் காட்சியைத் தமிழறிந்த திரைரசிகர் அனைவரும் அறிவர். அக்காட்சியில் நாகேஷின் திறன் வெளிப்படையானது. குரலாலும் கைகளாலும் ஓசைகளாலும் அவர் ஓர் இரவையே படைக்கிறார். பாலையாவோ உட்கார்ந்து கேட்கிறார். பேசுவது மிகக் குறைவு.

அந்தக் கேட்டலைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலில் மகனின் பைத்தியக்காரத்தனத்தைப் பொறுத்துக்கொள்ளும் தந்தையின் அலட்சியம். பின்னர், தன்னை அறியாமலே கதைக்குள் நழுவும் ஆர்வம். அதன்பின் அச்சம். அந்த அச்சத்தை மகன் கண்டுவிடக்கூடாதே என்ற கௌரவம். இந்த நான்கு நிலைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக முகத்தில் படிகின்றன. உள்ளத்தில் நிகழ்வது உடலில் புலப்படுதலே மெய்ப்பாடு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் காண்பது அரிது. பாலையா அஞ்சாமல் இருந்திருந்தால் நாகேஷின் ஆற்றல் வெறும் பலகுரல் வித்தையாக முடிந்திருக்கும். மிகையாக அஞ்சியிருந்தால் இருவரும் சேர்ந்து பார்வையாளரை ஏமாற்றுவதாகத் தோன்றியிருக்கும். அரங்கின் சிரிப்பு கேட்பவரின் முகத்தில்தான் நிகழ்கிறது.

படத்தின் மையச் சிக்கலும் அப்பாத்திரத்தின் குணத்திலிருந்தே எழுகிறது. தம்மிடம் வேலை பார்த்து நீக்கப்பட்ட இளைஞன், பெருஞ்செல்வரின் மகனாக வேடமிட்டு வருகிறான். அவனுடைய நண்பன் முதியவராக வேடமிட்டு அந்தச் செல்வராகிறான். விசுவநாதன் அதை நம்புவது ஏன்? அவர் அறிவிலி அல்லர். தோட்டத்தை வளர்த்து ஆளாக்கியவர். பணத்தின்மேல் அவருக்குள்ள பற்று கண்ணை மறைக்கிறது. ஏழை இளைஞனிடம் காட்டிய அதட்டலும், செல்வரிடம் காட்டும் குழைவும் ஒரே உடலில் அடுத்தடுத்து வரும்போது ஒரு சமூகத்தின் குணமே அங்கே நகைக்கு உள்ளாகிறது. எதிர்நிலைப் பாத்திரங்களில் பெற்ற பயிற்சி பாலையாவுக்கு இங்கே கைகொடுத்தது. பேராசையை நடிக்க அவர் அறிந்திருந்தார். அதைச் சற்றே வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வைத்தார்.

ஏ. பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' (1965) படத்தில் அவர் ஏற்ற ஹேமநாத பாகவதர் பாத்திரம் இன்னும் கடினமானது. செருக்கு மிகுந்த பாடகர், விறகு சுமந்து வந்தவரின் பாடலைக் கேட்டு நிலைகுலைகிறார். இதைக் கேலிச் சித்திரமாக்குவது எளிது. பாலையா முதலில் அவரை உண்மையான வித்துவானாக நிறுவுகிறார். இசையறிவு உடையவருக்குத்தான் தம்மினும் உயர்ந்த இசை விளங்கும். விளங்கினால்தான் தோல்வி உறைக்கும். பொய்ப் புலவன் ஒருவன் வீழ்ந்தால் அங்கே நகையும் இல்லை, பொருளும் இல்லை. அதே படத்தில் நாகேஷின் தருமி, வறுமையின் நெருக்குதலால் பேசுகிறான். பொற்கிழி வேண்டும், பாட்டு எழுத வரவில்லை. அவன் புலம்பலுக்கு அரங்கம் சிரித்தாலும், அந்தப் பொற்கிழி அவனுக்கு உண்மையிலேயே தேவை என்பதை நாகேஷ் ஒரு கணமும் மறக்கவிடுவதில்லை.

சிரிப்பும் அச்சமும்

கொத்தமங்கலம் சுப்புவின் புதினத்தைத் தழுவிய 'தில்லானா மோகனாம்பாள்' (1968) குணச்சித்திர நடிகர்களின் பேரவை எனத்தக்கது. நாகேஷ் ஏற்ற சவடால் வைத்தி நகைச்சுவைப் பாத்திரமா, தீய பாத்திரமா என்று வகைப்படுத்த முடியாது. நாக்குச் சாமர்த்தியத்தால் பெரிய மனிதர்களை அண்டிப் பிழைப்பவன். ஒரு பெண்ணின் வாழ்வை விலைபேசத் துணிபவன். அவன் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள், தாம் எதற்குச் சிரித்தோம் என்று பின்னர் கூசுகின்றனர். இதற்காக நாகேஷ் குரலையோ நடையையோ மாற்றிக்கொள்ளவில்லை. வைத்தி தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே மனிதன்தான். அவன் செயலின் விளைவுதான் மெல்ல வெளிப்படுகிறது.

மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி இதற்கு எதிர்த்திசையில் செல்கிறாள். நாடகக் குழுவின் ஆட்டக்காரியாக, வெகுளிப் பேச்சோடு நகைக்கு இடமாக வருபவள், நாகசுரக் கலைஞரின்மேல் கொண்ட மரியாதையை வெளிப்படுத்தும் இடங்களில் மதிப்புக்குரியவளாக உயர்ந்துவிடுகிறாள். எளிய மேடைக் கலைஞர் ஒருவர் பெரிய கலையின்முன் காட்டும் பணிவு அது. சிரிக்கப்பட்டவரை இறுதியில் மதிக்க வைப்பது இக்கலையின் உயர்ந்த பயன்.

மடன் என்னும் நிலைக்களனுக்குச் சொல்லிக்கொடுத்ததைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருத்தல் என்று உரையாசிரியர்கள் பொருள் காண்பர். 'தில்லு முல்லு' (1981) படத்தில் தேங்காய் சீனிவாசன் நடித்த முதலாளி இதற்கு இலக்கணமானவர். மீசையே ஆண்மகனின் ஒழுக்கத்துக்கு அடையாளம் என்பது அவர் பற்றிய கொள்கை. அதைக் காப்பதற்காக, ஊழியன் ஒருவன் சொல்லும் இரட்டைப் பிறவிக் கதையையும் நம்புகிறார். இந்தியில் ரிஷிகேஷ் முகர்ஜி இயக்கிய 'கோல்மால்' (1979) படமே இதன் மூலம். அங்கே அப்பாத்திரத்தை ஏற்றவர் வங்க நாடக மேடையின் பெருங்கலைஞரும் தீவிர அரசியல் நாடக ஆசிரியருமான உத்பல் தத். இரு நடிகர்களின் பாணியும் வேறு. உத்பல் தத் ஒடுங்கிய முகபாவங்களிலும் குரலின் சிறு நெளிவுகளிலும் முதலாளியின் ஐயத்தைக் காட்டுகிறார். தேங்காய் சீனிவாசன் கண்களை விரித்து, குரலை ஏற்றி, பக்தியையும் கோபத்தையும் பெருக்கிக் காட்டுகிறார். ஆயினும் இருவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. இருவருமே தம் கொள்கையை உயிரினும் மேலாக நம்புகின்றனர். அளவு கூடலாம், குறையலாம். நம்பிக்கை குறையக்கூடாது என்பதை இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்போர் உணர்வர்.

வட்டார வழக்கும் இக்கலையின் கருவிகளுள் ஒன்று. கிரேசி மோகன் வசனம் எழுதிய 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தில் டெல்லி கணேஷ் (1944–2024) பாலக்காட்டுச் சமையற்காரர் மணி ஐயராக நடித்தார். நெல்லைச் சீமையில் பிறந்து, பத்தாண்டுகள் விமானப்படையில் பணியாற்றி, தில்லி நாடக மேடையில் தேர்ந்தவர் அவர். பாலக்காட்டுத் தமிழை அவர் ஒலிப்பு வேடிக்கையாக மட்டும் கொள்ளவில்லை. கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழுந்துவிடும் காட்சியில் அவர் முகத்தில் தெரிவது பரம்பரைத் தொழிலும் ஆசாரமும் ஒரே பாத்திரத்தில் மூழ்கிப்போன ஒருவரின் கலக்கம். அவருக்கு அது வாழ்வா சாவா என்ற நிலை. பார்ப்பவர் சிரிப்பதும் அதனாலேயே.

சின்னத்திரை

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஒளிபரப்பைத் தொடங்கியது. மேடைக்கும் திரைக்கும் பழகிய நடிகர்களுக்கு இது புதிய சோதனை. மேடையில் கடைசி வரிசைக்கும் எட்டும்படி குரலும் சைகையும் பெருக வேண்டும். தொலைக்காட்சியிலோ பார்வையாளர் ஆறடி தொலைவில், தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருக்கிறார். மேடை அளவில் நடித்தால் விருந்தாளி ஒருவர் வீட்டுக்குள் வந்து கூச்சலிடுவது போலாகும். சபா நாடகங்கள் அப்படியே படம்பிடிக்கப்பட்ட தொடக்க ஆண்டுகளில் இக்குறை தெளிவாகவே புலப்பட்டது. மேடையில் கைதட்டலுக்காக விடும் இடைவெளி, ஆளில்லாத அறையில் வெறும் மௌனமாக நின்றது. அந்த இடைவெளியை ஒரு பார்வையால், ஒரு பெருமூச்சால் நிரப்பக் கற்றவர்களே சின்னத்திரையில் நிலைத்தனர்.

தொடர் என்னும் வடிவம் இன்னொரு சிக்கலைக் கொணர்ந்தது. வாரந்தோறும் ஒரே மனிதரைப் பார்க்கும்போது குணம் பழக்கமாகவும், பழக்கம் வெறும் முத்திரைச் சொல்லாகவும் தேய்ந்துபோகும் ஆபத்து உண்டு. தூரதர்ஷனில் 1984இல் தொடங்கிய 'யே ஜோ ஹை ஜிந்தகி' என்ற இந்தித் தொடர் இதற்கு ஒரு விடை கண்டது. சதீஷ் ஷா என்ற நடிகர் வாரந்தோறும் வெவ்வேறு மனிதராக வந்தார். மாறாத குடும்பமும் மாறிக்கொண்டே இருக்கும் விருந்தினரும் என்ற அந்த அமைப்பில், சில நிமிடங்களுக்குள் ஒரு முழு மனிதரை நிறுவும் திறனை அவர் காட்டினார். தமிழ் நகைச்சுவை மேடையில் கிரேசி மோகனின் குழு வேறு வழியில் சென்றது. நாடகம் மாறினாலும் நாயகன் பெயர் மாது, நாயகி பெயர் ஜானகி. பெயர் மாறாததால் பார்வையாளருக்கு அறிமுகம் தேவைப்படவில்லை. சிக்கல்கள் உடனே தொடங்கின. நடிகர்களின் விரைந்த மறுமொழியும், ஒருவர் சொல்லை மற்றவர் தவறாகக் கேட்கும் துல்லியமும் அங்கே குணச்சித்திரத்தின் பணியைச் செய்தன.

இழப்பும் கடமையும்

கதைக்குப் புறம்பாகத் தனி நகைச்சுவைப் பகுதியை இணைக்கும் வழக்கம் தமிழ்த் திரையில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் காலத்திலேயே இருந்தது. அவர் அதைச் சீர்திருத்தக் கருத்துகளுக்கு மேடையாக்கினார். பின்னாளில் அவ்வழக்கம் பெருகியபோது, பல படங்களில் நகைச்சுவைக்கும் கதைக்கும் உறவு அறுந்தது. தந்தையும் மாமனும் முதலாளியும் இருந்த இடத்தில் அடிப்பவரும் அடிவாங்குபவரும் மட்டும் எஞ்சினர். நிறத்தையும் பருமனையும் பல்லையும் தலைமுடியையும் இகழ்வது வசனமாயிற்று. தொல்காப்பியர் கூறிய நான்கனுள் எள்ளல் ஒன்றே தங்கி, அதுவும் குணத்தை விட்டு உடம்பைப் பற்றிக்கொண்டது. அவ்வகை வசனங்கள் திரையரங்கோடு நிற்கவில்லை. பள்ளி வகுப்பறைகளிலும் தெருக்களிலும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் அவற்றைக்கொண்டே அழைத்தனர். நகைச்சுவை தரம் தாழ்வதன் விலையை இறுதியில் கொடுப்பவர்கள் அவர்களே.

இதற்கு விலக்கு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். 'கரகாட்டக்காரன்' (1989) படத்தில் கவுண்டமணியும் செந்திலும் ஆட்டக்குழுவின் உறுப்பினர்களாகவே வருகின்றனர். இரண்டு வாழைப்பழங்களில் இன்னொன்று எங்கே என்ற கேள்விக்கு, கையில் இருப்பதே அந்த இன்னொன்று என்று செந்தில் அசையாமல் நிற்பது மடனின் தூய வடிவம். அவரிடம் துளியும் கள்ளம் இல்லை. ஒரு பழத்தின் கணக்கு இத்தனை ஆண்டுகளாக நினைவில் நிற்பதற்கு அந்தக் கள்ளமின்மையே காரணம்.

மதிப்பீட்டிலும் ஒரு குறை நேர்ந்திருக்கிறது. நாகேஷுக்குத் தேசிய விருது கிடைத்தது 1994ஆம் ஆண்டுப் படமான 'நம்மவர்' வாயிலாக. மகளை இழந்த தந்தையாக அவர் கலங்க வைத்த படம் அது. அந்த விருது தகுதியானதே. ஆனால் தருமிக்கும் வைத்திக்கும் செல்லப்பாவுக்கும் கிடைக்காத ஏற்பு, அழுகைக்குக் கிடைத்தது என்பது எண்ணத்தக்கது. அழ வைப்பது ஆழம், சிரிக்க வைப்பது மேலோட்டம் என்ற தவறான எண்ணத்தின் விளைவு அது. இரண்டுக்கும் ஊற்று ஒன்றே. மகளை இழந்த தந்தையை நடிக்கத் தேவைப்பட்ட அதே உண்மைதான் பொற்கிழியை இழந்த புலவனை நடிக்கவும் தேவைப்பட்டது.

இலக்கிய வட்டங்களுக்கு இதில் ஒரு கடமை உண்டு. நாடகக் குழுக்களில் பயின்ற தலைமுறையினர் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். பெயர் பெற்றவர்களின் படங்கள் எஞ்சியுள்ளன. அவர்களோடு நின்று கேட்டவர்கள், தபால்காரராக, கணக்குப்பிள்ளையாக, பக்கத்து வீட்டுக்காரராக ஒரே காட்சியில் வந்து போனவர்கள் பலர் பெயரில்லாமல் நிற்கின்றனர். பழைய படம் ஒன்றைப் பார்க்கும்போது அத்தகைய முகங்களை அடையாளம் கண்டு, பெயரை விசாரித்து, எழுதி வைப்பது எளிய பணி. ஊர்தோறும் முதியவர்களின் நினைவில் நாடகக் குழுக்களின் செய்திகள் இன்னும் சிறிது உள்ளன. அவை பதிவு பெற வேண்டும். கூத்தருக்கும் பாணருக்கும் பொருநருக்கும் ஆற்றுப்படை பாடிய மொழி இது. தன் காலத்துக் கூத்தரின் பெயரை எழுதி வைக்கத் தவறியது என்ற பழி அதற்கு வரலாகாது.